நல்லாட்சி வந்தால் முதலீடு வருமா? போட்ஸ்வானாவை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "ஆப்பிரிக்க நாடுகளில் நல்லாட்சி அமைந்தால் வெளிநாட்டு முதலீடு தானாக வரும், முதலீடு வந்தால் நாடு வளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிஜத்தில் அப்படி நடந்த நாடு ஏதாவது உண்டா? எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட போட்ஸ்வானாவே இப்போது தடுமாறுகிறதே, அப்படியானால் நல்லாட்சியால் என்ன பயன்?"

கேள்வியின் முதல் வரியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நல்லாட்சி இருந்தால்தான் முதலீடு வரும் என்பது ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை உண்மையில்லை. எண்ணெயோ தாமிரமோ வைரமோ இருக்கிற இடத்துக்கு, யார் ஆண்டாலும் கம்பெனிக்காரர்கள் போயிருக்கிறார்கள். அங்கோலாவைப் பாருங்கள். 1975இல் விடுதலை பெற்ற கையோடு உள்நாட்டுப் போர் தொடங்கி 2002 வரை நடந்தது. ஆரம்பத்தில் கொஞ்ச காலம் தவிர, கபிண்டா கடலோரத்தில் எண்ணெய் எடுப்பது நிற்கவே இல்லை. எண்பதுகளில் அங்கிருந்த அமெரிக்க நிறுவனத்தின் எண்ணெய் வயல்களுக்குக் காவல் நின்றவர்கள், இடதுசாரி அரசுக்குத் துணையாக வந்திருந்த கியூபப் படையினர். அதே காலத்தில் அமெரிக்க அரசு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்தது எதிர்த்தரப்புக் கிளர்ச்சியாளர்களுக்கு. கிணற்றைச் சுற்றிப் பாதுகாப்பும், கையெழுத்துப் போட ஓர் அமைச்சரும் இருந்தால் அந்த வகை முதலீட்டுக்குப் போதும். நாட்டின் மற்ற பகுதி எரிந்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே "முதலீடு வந்ததா" என்று கேட்பதைவிட, என்ன விதிமுறையில் வந்தது, வந்த பணம் எங்கே போனது என்று கேட்பதே சரி. ஆட்சியின் தரம் அங்கேதான் தெரியும். தொழில் தொடங்க எது எளிதான நாடு என்று உலக வங்கி வருடாவருடம் ஒரு பட்டியல் போட்டுவந்தது, நினைவிருக்கும். பல ஆப்பிரிக்க அரசுகள் அந்தப் பட்டியலில் முன்னேறுவதையே குறிக்கோளாக வைத்து வேலை செய்தன. கடைசியில் தரவுகளிலேயே முறைகேடு நடந்தது தெரிந்து, 2021இல் உலக வங்கி அதை நிறுத்திவிட்டது. எத்தனை நாளில் கம்பெனி பதிவு செய்யலாம் என்பதை எண்ணிவிடலாம். சுரங்க ஒப்பந்தத்தை யார் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள் என்பதை எந்தப் பட்டியலும் எண்ணாது.

போட்ஸ்வானாவின் கதையை நான் அந்த ஒப்பந்த மேஜையிலிருந்துதான் பார்ப்பேன்.

1966 செப்டம்பர் 30இல் அந்த நாடு விடுதலை பெற்றபோது அதற்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று நம்பியவர்கள் குறைவு. பிரான்ஸ் அளவு பரப்பு, அதில் பெரும்பகுதி கலஹாரி பாலை. கடற்கரை கிடையாது. தார்ச்சாலை மொத்தம் 12 கிலோமீட்டர் என்பார்கள். பட்டதாரிகள் 22 பேர். பிரிட்டிஷார் அந்த நாட்டை நிர்வாகம் செய்ததே எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவில் இருந்த மாஃபிகெங் ஊரிலிருந்து. கபரோனே என்ற தலைநகரத்தையே அறுபதுகளில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கடும் வறட்சி வேறு. முதல் சில ஆண்டுகள் அரசு ஊழியர் சம்பளத்துக்கே பிரிட்டன் கொடுத்த மானியம் தேவைப்பட்டது. சுற்றிலும் நிறவெறித் தென்னாப்பிரிக்கா, அதன் கையில் இருந்த நமீபியா, வெள்ளையர் ஆட்சி நடந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே).

முதல் அதிபர் செரெட்ஸே காமா, பங்வாட்டோ இனக்குழுவின் அரச வாரிசு. 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக் கூடாது என்பதற்காக பிரிட்டன் அவரைச் சொந்த மண்ணிலிருந்தே விலக்கி வைத்தது. 1956இல்தான், தலைமைப் பட்டத்தைத் துறந்துவிட்டு ஊர் திரும்ப முடிந்தது. இந்தப் பின்னணி ஏன் முக்கியம் என்றால், அடுத்து அவர் செய்த காரியம் அவருடைய சொந்தக் குலத்துக்கே நஷ்டம் தரக்கூடியது.

அதுவரை நிலத்துக்கு அடியில் இருப்பது அந்தந்த இனக்குழுவுக்குச் சொந்தம். காமாவின் கட்சி 1965 தேர்தலிலேயே, கனிம உரிமை முழுவதும் தேசத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1967இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். அதே 1967இல் ஒராபாவில் பெரிய வைரப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒராபா இருப்பது பங்வாட்டோ பகுதியில்! பழைய வழக்கப்படி போயிருந்தால் அந்த வைரம் அதிபருடைய குலத்துக்குச் சேர்ந்திருக்கும், அடுத்த பகுதிக்காரன் கத்தியைத் தூக்கியிருப்பான். ஆப்பிரிக்காவில் எத்தனையோ நாடுகளைப் பிளந்தது இந்தத் தகராறுதான். வைரம் பணமாக மாறும் முன்பே அதை முடித்துவைத்தது காமாவின் மிகப் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியதுதான்.

இயற்கையும் கொஞ்சம் கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. சியரா லியோனில் வைரம் ஆற்று மணலில் கிடைத்தது. மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் யாரும் தோண்டலாம், சட்டைப்பையில் போட்டு எல்லை தாண்டலாம். 1991 முதல் 2002 வரை நடந்த போருக்கு அந்த வைரம் தீனி போட்டது. போட்ஸ்வானாவின் வைரமோ கிம்பர்லைட் என்ற பாறைக் குழாயில், ஆழத்தில் இருந்தது. எடுக்கப் பெரிய இயந்திரமும் பெரிய மூலதனமும் வேண்டும், சுற்றி வேலி போட்டுவிட்டால் திருட்டும் குறைவு. போட்ஸ்வானாவில் நல்லவர்கள் ஆண்டார்கள், சியரா லியோனில் கெட்டவர்கள் ஆண்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சியரா லியோன் மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

சரி, மேஜைக்கு வருவோம். எதிரில் உட்கார்ந்திருந்தது டி பியர்ஸ். உலக வைர விற்பனையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த நிறுவனம். 1969இல் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது அரசுக்குக் கிடைத்த பங்கு 15 சதவீதம். ஒராபா சுரங்கம் 1971இல் வேலை ஆரம்பித்தது. எதிர்பார்த்ததைவிட வளமான சுரங்கம் என்று தெரிந்ததும் கபரோனே அதிகாரிகள் ஒப்பந்தத்தை மறுபடியும் பேச வேண்டும் என்றார்கள். டி பியர்ஸுக்கு அப்போது புதிய சுரங்க அனுமதிகள் தேவைப்பட்டன, ஜ்வானெங் என்ற இடத்தில் இன்னொரு வைரப் படிவும் தெரியவந்திருந்தது. அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டு, 1975இல் பங்கை 50 சதவீதமாக ஏற்றினார்கள். சுரங்கத்தைப் பறிக்கவில்லை, நிறுவனத்தைத் துரத்தவும் இல்லை. வரி, உரிமத்தொகை (கனிமத்தை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் தொகை), லாபப்பங்கு எல்லாம் சேர்த்து அந்தக் கூட்டு நிறுவனத்தின் லாபத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அரசுக்கே வருகிற நிலை பிற்பாடு உருவானது. இன்று டெப்ஸ்வானா என்று அழைக்கப்படுவது அந்த நிறுவனம்தான்.

இது எப்படி முடிந்தது? ஆள் தயாரிப்பு. காமா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். தகுதியான உள்ளூர் ஆள் வரும்வரை வெளிநாட்டு அதிகாரியை அனுப்ப மாட்டேன் என்றார். விடுதலை பெற்ற ஒரு நாட்டில் அது எளிதில் சொல்லக்கூடிய பேச்சு இல்லை, உள்ளூரில் எதிர்ப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அரசுத் தரப்பில் வெளிநாட்டு வழக்கறிஞர்களும் பொருளாதார வல்லுநர்களும் கூலிக்கு இருந்தார்கள், பக்கத்தில் உள்ளூர் இளம் அதிகாரிகள் கற்றுக்கொண்டார்கள். அப்படி நிதித் துறையில் வளர்ந்த ஃபெஸ்டஸ் மொகே 1998இல் நாட்டின் அதிபரே ஆனார். பணம் கொடுத்து நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்வதும் நல்லாட்சிதான். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

வடக்கே ஒரு சின்ன எல்லை வழியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஜாம்பியாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் இதன் அருமை தெரியும். விடுதலையின்போது ஜாம்பியாதான் பணக்கார நாடு, தாமிரத்தால். 1969இல் சுரங்கங்களில் பெரும்பங்கை அரசு எடுத்துக்கொண்டது. எழுபதுகளின் நடுவில் தாமிர விலை விழுந்தது. செலவைக் குறைக்காமல் கடன் வாங்கி ஓட்டினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சுரங்கங்கள் பெரிய நஷ்டத்தில் ஓட, கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடிக்க, 1997 முதல் 2000 வரை அவற்றை விற்றார்கள். விற்ற ஒப்பந்தங்கள் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. உரிமத்தொகை வெறும் 0.6 சதவீதம். அதாவது 1,000 டாலர் தாமிரம் வெளியே போனால் மண்ணுக்குச் சொந்தக்காரரான அரசுக்கு அந்தக் கணக்கில் 6 டாலர். அதோடு, பல ஆண்டுகளுக்கு வரி விதிகளை மாற்ற மாட்டோம் என்ற வாக்குறுதி வேறு.

அப்புறம் விலை ஏறியது. டன் 2,000 டாலருக்குக் கீழே கிடந்த தாமிரம் 2006இல் 8,000 டாலரைத் தாண்டியது. லாரிகள் வரிசையாகத் தாமிரத் தகடுகளை ஏற்றிக்கொண்டு தெற்கே போயின, கருவூலத்துக்கு வந்தது சொற்பம். மக்கள் கொதித்த பிறகு 2008இல் அரசு அந்த ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டு மீறி வரியை ஏற்றியது, மறுவருடமே அதில் ஒரு பகுதியை விலக்கிக்கொண்டது. இப்படி மாற்றி மாற்றிச் செய்வது முதலீட்டாளருக்கும் பிடிக்காது, நாட்டுக்கும் உதவாது. 2020 நவம்பரில் ஜாம்பியா வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது.

ஜாம்பிய அதிகாரிகள் எல்லாரும் மோசமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசில்லாமல், அவசரத்தில், நஷ்டத்தில் ஓடும் சொத்தை விற்பவன் நல்ல விலை பேச முடியாது. போட்ஸ்வானா பேசப் போனபோது அதற்கு அவசரம் இல்லை. பேரம் பேசும் பலம் என்பது பாதி அறிவு, பாதி கையிருப்பு.

அந்தக் கையிருப்பை எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நிதியும் திட்டமிடலும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. அதை விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் நடத்தியவர் துணை அதிபர் க்வெட் மசீரே, காமா 1980இல் இறந்தபின் அதிபரானவர். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட தேசியத் திட்டத்தில் இல்லாத ஒரு வேலையை அமைச்சர் நினைத்தபடி தொடங்க முடியாது. தொடங்க வேண்டுமென்றால் மறுபடி நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். எந்த அமைச்சருக்கும் இது எரிச்சலான விதிதான்.

1981இல் சோதனை வந்தது. உலகச் சந்தையில் வைரம் விலைபோகவில்லை. விலையைக் காப்பாற்ற டி பியர்ஸ் கொள்முதலைக் குறைக்க, பல மாதங்கள் போட்ஸ்வானாவின் வைர விற்பனை ஏறக்குறைய நின்றே போனது. ஜ்வானெங் சுரங்கம் திறக்கப்போகிற நேரம் பார்த்து! அரசு உடனே சம்பள உயர்வை நிறுத்தியது, செலவை வெட்டியது, நாணயமான புலாவின் மதிப்பைக் குறைத்தது. விற்காத வைரத்தைச் சேமித்து வைத்தது. சந்தை மீண்டபின், 1987இல் அந்தக் குவியலை டி பியர்ஸுக்கே விற்றார்கள். பதிலுக்குப் பணம் மட்டும் வாங்கவில்லை, டி பியர்ஸ் நிறுவனத்தில் சுமார் 5 சதவீதப் பங்கும் இயக்குநர் குழுவில் இரண்டு இடமும் வாங்கினார்கள். இருபது வருடம் முன்பு சம்பளத்துக்கு மானியம் வாங்கிய அரசு அது.

தொண்ணூறுகளில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, வைர வருமானத்தின் உபரியை வெளிநாட்டுச் சொத்துகளில் போட்டு வைக்கும் புலா நிதி. இன்னொன்று ஓர் எளிய கணக்கு விதி: வைரத்திலிருந்து வரும் பணத்தைச் சாலை, அணை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு மட்டும் செலவிட வேண்டும், அன்றாட நிர்வாகச் செலவை மற்ற வருமானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்கு அடியில் குறைந்துகொண்டே போகிற செல்வத்தை, மண்ணுக்கு மேலே குறையாத செல்வமாக மாற்ற வேண்டும் என்பது அதன் பொருள். எழுதி வைப்பது சுலபம், தேர்தல் வருடத்தில் கடைப்பிடிப்பது கடினம். பல வருடங்கள் பெருமளவு கடைப்பிடித்தார்கள்.

இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்வார்கள். நான் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று கால்நடை. ஆட்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாட்டுப்பண்ணைக்காரர்கள். காமாவும் சரி, மசீரேயும் சரி. லோபட்ஸே இறைச்சிக்கூடத்திலிருந்து ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி போனது. சொத்துரிமை, கால்நடை மருத்துவம், சாலை எல்லாம் அவர்களுக்கே தேவைப்பட்டன. மேலே இருப்பவருடைய நலனும் விவசாயியின் நலனும் ஒரே திசையில் இருந்தன.

இன்னொன்று க்கோட்லா என்கிற ஊர்க்கூட்டம். அரைவட்டமாக நட்ட மரக்கம்புகள், ஒரு மர நிழல், ஊர்த் தலைவர் முன்னால், ஊரார் தத்தம் நாற்காலியோடு வந்து உட்காருவார்கள். அமைச்சர் வந்தாலும் அங்கே வந்து திட்டத்தை விளக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரும் பேசலாம், பேசுபவரை இடைமறிப்பது மரியாதைக் குறைவு. தலைவன் தலைவனாக இருப்பது மக்களால் என்று அவர்கள் மொழியில் ஒரு பழமொழியே உண்டு. பழைய காலத்தில் பெண்களுக்கும் கீழ்நிலைக் குழுக்களுக்கும் அங்கே குரல் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவன் நேரில் வந்து நின்று பதில் சொல்லும் பழக்கம் காலனி ஆட்சிக்குப் பிறகும் அறுபடாமல் இருந்தது. 1982 முதல் 1987 வரை தொடர்ந்து வறட்சி. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் பஞ்சத்தால் மக்கள் மடிந்த காலம் அது. போட்ஸ்வானாவில் அரசு கூலி வேலைத் திட்டமும் குழந்தைகளுக்கு உணவும் கொடுத்துப் பஞ்சச் சாவு இல்லாமல் தாண்டியது. கேள்வி கேட்க வாயிருக்கும் ஊரில் அரசு தூங்க முடியாது.

ஊழலே இல்லை என்று எண்ண வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கபரோனே ஓரத்து நில ஒதுக்கீட்டில் முறைகேடு வெடித்தது. விசாரணைக் குழு அமைத்தார்கள், 1992இல் துணை அதிபரே பதவி விலகினார். வீட்டுவசதிக் கழகம், அரசு வளர்ச்சி வங்கி என்று அடுத்தடுத்து விவகாரங்கள். அதன் விளைவாக 1994இல் ஊழல் தடுப்பு அமைப்பு ஒன்று சட்டப்படி உருவானது. 1997இல் அதிபர் பதவிக்குப் பத்தாண்டு வரம்பு வைத்தார்கள், வாக்களிக்கும் வயதை 18 ஆக்கினார்கள், தனித் தேர்தல் ஆணையம் அமைத்தார்கள். தவறு நடந்தது, வெளியே வந்தது, விதி மாறியது.

மாறாத விஷயங்களும் உண்டு. கலஹாரியின் பூர்வகுடிகளான சான் மக்களைத் தொண்ணூறுகளிலும் 2002இலும் மத்திய கலஹாரி வனக்காப்பகத்திலிருந்து வெளியேற்றினார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் அது தவறு என்றது. தீர்ப்பு வந்த பிறகும் குடிநீருக்காக அவர்கள் மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் சிறிய, கால்நடை இல்லாத மக்களுக்கு அந்த நல்லாட்சி போய்ச் சேரவில்லை என்பதுதான் நிஜம்.

இன்னொரு பேரிடி எச்.ஐ.வி. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது என்று மதிப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. இனமே அழிந்துவிடும் அபாயம் இருக்கிறது என்று அதிபர் மொகே வெளிப்படையாகப் பேசினார். பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவின் அதிபர், நோய்க்குக் காரணமான கிருமியையே சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது. 2002இல் ஆப்பிரிக்காவிலேயே முதலில் நாடு தழுவிய இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது போட்ஸ்வானா. அறக்கட்டளைகளும் மருந்து நிறுவனமும் உதவின. ஆனால் வைரப் பணம் கருவூலத்தில் இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் கட்டிய மருத்துவமனைகள் இல்லாவிட்டால், அந்த உதவியை வாங்கி நோயாளியிடம் சேர்த்திருக்க முடியாது. நல்லாட்சிக்கு ஒரே ஒரு சாட்சி கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வளர்ச்சி விகிதம் பிறகுதான்.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி. விடுதலைக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் ஒன்று ஏன் இப்போது திணறுகிறது?

ஏனென்றால் வைரம் வேலை கொடுப்பதில்லை. ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 80 சதவீதம் கொடுக்கிற சுரங்கங்களில் வேலை செய்வது சில ஆயிரம் பேர். மற்றவர்களுக்கு அரசு வேலை, கடை, மாடு. நான்கில் ஒருவருக்கு மேல் வேலையில்லை, இளைஞர்களில் இன்னும் அதிகம். வருமான ஏற்றத்தாழ்வில் உலகின் மோசமான நாடுகளில் ஒன்று. இதை அரசு கவனிக்காமல் இல்லை. 1982இல் புதிய தொழிற்சாலைகளுக்குச் சம்பள மானியம் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். மானியம் இருக்கும்வரை ஓடிய பல கம்பெனிகள் அது தீர்ந்ததும் மூடின, இல்லாத தொழிலாளிக்குக் கணக்கெழுதியவர்களும் உண்டு. தொண்ணூறுகளில் கபரோனேயில் ஹூண்டாய் கார் பூட்டும் ஆலை வந்தது. தென்னாப்பிரிக்கச் சந்தையை நம்பி ஓடிய அது 2000இல் விழுந்தது. 2016 அக்டோபரில் செலெபி-பிக்வே ஊரின் தாமிர-நிக்கல் சுரங்கத்தை அரசு திடீரென்று மூடியபோது 5,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்த ஊர் இருந்ததே சுரங்கத்துக்காக.

இங்கே மொரீஷியஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ் எழுத்து அச்சிட்ட பணத்தாள் புழங்கும் தீவு என்பதால் நம்மில் பலருக்குத் தெரிந்த நாடு. அங்கே வைரம் இல்லை, கரும்பு மட்டும். 1970இல் ஏற்றுமதி ஆலைகளுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்த வருடங்களில் தோட்ட முதலாளிகள் லாபத்தை உள்ளூர்த் துணி ஆலைகளில் போட்டார்கள், ஹாங்காங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். துறைமுகம் இருந்தது, கப்பல் வந்தது. பாலைவனத்தின் நடுவில், பக்கத்திலேயே தென்னாப்பிரிக்கா என்ற பெரிய தொழில் நாட்டை வைத்துக்கொண்டு, இரண்டு மில்லியன் சொச்சம் மக்களுக்கு ஆலை கட்டுவது அதைவிட மிகக் கடினம்.

இப்போது வைரத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வைரம், தோண்டி எடுத்ததைப்போலவே இருக்கிறது, விலையோ அதில் சின்னப் பங்கு. 2022க்குப் பிறகு சந்தை சரிந்தது, டெப்ஸ்வானா உற்பத்தியைக் குறைத்தது, 2024இல் நாட்டின் பொருளாதாரமே சுமார் 3 சதவீதம் சுருங்கியது. கோவிட் காலத்திலிருந்தே கரைந்துகொண்டிருந்த அரசின் சேமிப்பு இன்னும் கரைந்தது. 2025 ஆகஸ்டில் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்க வேண்டியதாயிற்று. இலவச மருந்துக்கு முன்மாதிரியாக இருந்த நாட்டில் இதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இது வெறும் துரதிர்ஷ்டமா? முழுக்க இல்லை. சாலை, பள்ளி, மருத்துவமனைக்கு மட்டும் வைரப் பணம் என்ற அந்தக் கணக்கு விதி காலப்போக்கில் தளர்ந்தது. சம்பளச் செலவு ஏறியது, கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒப்பந்த ஊழல் புகார்களும் கூடின. ஒரே கட்சி 58 வருடம் ஆண்டால் கணக்கு கேட்பவரின் குரல் மெல்லத் தேயும். காமா, மசீரே காலத்துச் சிக்கனம் ஆட்களோடு வந்தது, ஆட்களோடு போனது. அமைப்புகளை அதற்கு ஈடாக வலுப்படுத்தத் தவறிவிட்டார்கள் என்பது என் கருத்து.

ஆனால் நல்லாட்சியால் என்ன பயன் என்ற கேள்விக்கு 2024 அக்டோபர் 30 தேர்தலே பதில். ஆளுங்கட்சி 61 இடங்களில் 4 மட்டும் வென்றது. எண்ணி முடிக்கும் முன்பே, நவம்பர் 1 காலையில் அதிபர் மசீசி தோல்வியை ஒப்புக்கொண்டார், எதிர்க்கட்சியின் டூமா போகோ அதே நாளில் பதவியேற்றார். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. புதிய அரசு டி பியர்ஸோடு நின்றுபோயிருந்த பேச்சை முடித்து 2025 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. அரசு நிறுவனம் நேரடியாக விற்கும் வைரத்தின் பங்கு 30 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 50 சதவீதம் வரை போகும்.

இப்போது மேஜையில் இருப்பது இன்னொரு கேள்வி. டி பியர்ஸில் 85 சதவீதம் வைத்திருக்கும் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் அதை விற்க முன்வந்திருக்கிறது, ஏற்கெனவே 15 சதவீதம் வைத்திருக்கும் போட்ஸ்வானா பெரும்பங்கையே வாங்க ஆசைப்படுகிறது. தன் மண்ணின் வைரத்தைத் தானே விற்க வேண்டும் என்ற அந்த ஆசை எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் விலை விழுந்துகொண்டிருக்கும் பொருளில், கடன் வாங்கி, நாட்டின் பணத்தை இன்னும் ஆழமாகப் புதைப்பது 1981இல் செலவை வெட்டிய அதிகாரிகள் செய்திருக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. அவர்களாக இருந்தால் சுரங்கத்தில் இருக்கிற பாதிப் பங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, டி பியர்ஸில் இன்னும் கொஞ்சம் மட்டும் வாங்கி, மீதிப் பணத்தில் மருந்துக் கிடங்கை நிரப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.